பக்கம் நாற்பத்தொன்று

உப்பாத்துப்பட்டி நூலகத்தின் ஓடு ஆவணி மழையில் ஒழுகி, யாரும் கட்டுக்கூடப் பிரிக்காத 'மண் நலக் கையேடு' என்ற அறுபத்துநாலு பக்கப் புத்தகம் நானூறும் ஊறிக் களியாகிப் போக, நூலகர் ஞானப்பிரகாசம் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்க எருக்குழியில் கொட்டிச் சாணியைப் போட்டு மூடினார். அந்தக் குழியிலிருந்து ஒருத்தரும் விதைக்காத ஒரு பரங்கிக்கொடி கிளம்பியது. சுவரைப் பிடித்து ஏறி, ஓடு உடைந்த இடத்தையெல்லாம் இலையால் மூடி, கூரை முழுக்கப் படர்ந்து, தை பிறப்பதற்குள் ஊருக்கே போதும்படி காய்த்துத் தொங்கியது. பொங்கலுக்குப் பரங்கிக்காய்க் கூட்டு இல்லாமல் முடியுமா? சும்மா கிடைக்கிற காயை விட்டுவிட்டுச் சந்தைக்கு எவன் போவான்? அறுத்தார்கள், வீட்டுக்கு ஒரு கீற்றாகப் பங்கு போட்டார்கள், கூட்டு வைத்தார்கள், விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். டீக்கடை செல்லத்துரையிடம் ஒருத்தர் வந்து, "ஏம்ப்பா, வயல் மண்ண டெஸ்டுக்குக் கொண்டாரச் சொல்றாங்க, அத எப்பிடி எடுக்குறதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். செல்லத்துரை டீ ஆற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, "மண் மாதிரி எடுக்கும் முறை. மேற்பரப்பில் உள்ள சருகுகளை அகற்றிவிட்டு, அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி எடுக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக் குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். படம் இரண்டைப் பார்க்க. பக்கம் பன்னிரண்டு" என்று சொல்லி முடித்துவிட்டு, மறுபடி டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

கேட்டவர் ஆச்சரியப்பட்டாரா என்றால், அதெல்லாம் இல்லை. "படம் ரெண்டு எங்க?" என்றுதான் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? பார்க்கன்னுதான் வருது" என்றார் செல்லத்துரை.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கே விஷயம் விளங்கிவிட்டது. கூட்டுச் சாப்பிட்ட பெரியவர்களில் ஆளுக்கு ஒரு பக்கம் வந்திருக்கிறது. சில பக்கம் ஏழெட்டுப் பேருக்கு, சில பக்கம் ஒரே ஒருத்தருக்கு. எப்படி வந்தது, ஏன் வந்தது என்று மண்டையைக் குடைந்துகொண்டவர் ஒருவரும் இல்லை. குறைபட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம். எனக்குப் போய் எலி பிடிக்கிற பக்கமா, அவளுக்கு மட்டும் பயிர் சுழற்சியா, நானும் அதே கூட்டைத்தானே சாப்பிட்டேன் என்று தெருவுக்குத் தெரு புலம்பல். சாயங்காலமானால் நேராக நடக்கத் தெரியாத வீராச்சாமிக்கு மண்புழு உரம் வந்தது. எத்தனை தள்ளாடினாலும் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு எழுத்துத் தவறாமல் சொன்னான். நேரில் கேட்டுவிட்டு, மறுநாளே தொட்டி கட்டினவர்கள் உண்டு.

தன்னிடம் இருப்பது எந்தப் பக்கம் என்று அவரவருக்கு உள்ளுக்குள் தெரியும். ஆனால் அது வாயில் வருவதற்கு ஒரு முறை இருந்தது. தேவைப்பட்டவர் வந்து, முகம் பார்த்து, வாய்விட்டுக் கேட்க வேண்டும். வேடிக்கைக்குக் கேட்டால் வராது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் கேட்டாலும் வராது. இதிலே இன்னொரு கூத்து, அச்சடித்தவர்கள் வாக்கியத்தைப் பக்கம் முடிகிற இடத்திலா முடித்திருப்பார்கள்? பதினேழாம் பக்கக்காரன் "ஆகவே, தழைச்சத்து உரம் இடுவதற்கு முன்பாக" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வான். கேட்டவன் பதினெட்டாம் பக்கத்தைத் தேடிக் கீழத்தெருவுக்கு ஓட வேண்டும். இப்படி ஓடி ஓடியே ஜென்மத்தில் ஏறாத வாசலெல்லாம் ஏறினார்கள், குடிக்காத வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். பதினேழாம் பக்கமும் பதினெட்டாம் பக்கமும் கல்யாணமே பண்ணிக்கொண்டார்கள். ஜாதகம் பார்க்கப் போனவர்களை ஜோசியரே, "அவன் ஆரம்பிக்கிறதைத்தான் இவ முடிக்கிறாளே, அப்புறம் என்ன பொருத்தம் பாக்கச் சொல்ற?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நூலகர் ஞானப்பிரகாசத்துக்கு வந்தது பக்கம் மூன்று, பொருளடக்கம். ஒரு பயனும் இல்லாத பக்கம் என்று முதலில் சோர்ந்துபோனவரைத் தேடித்தான் பிறகு ஊரே வந்தது. எதற்கு எந்தப் பக்கம் என்று அவர் சொன்னால்தானே ஆளைத் தேட முடியும்? இருபது வருஷமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், சாப்பிட நேரமில்லாமல் போய், கண் கலங்கக் கலங்கப் பதில் சொன்னார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துவிடலாம் என்று அவர் சொன்னதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாயிலே இருக்கிறதை எதற்கு எழுதுவது என்று சிரித்தார்கள்.

இனி தைலம்மைக்கு வருவோம். அவளை விட்டால் இந்தக் கதையே இல்லை.

தைலம்மை ரெங்கராசுவின் பெண்டாட்டி. வாய்க்காரி. அவள் ஒரு பேச்சுப் பேசினால் எதிராளி மூன்று நாளைக்குச் சோறு செரிக்காமல் கிடப்பான். அப்படிப்பட்டவளுக்கு வந்தது புத்தகத்தின் கடைசிப் பக்கம், அறுபத்துநாலு. யாராவது ஏதாவது கேட்டால் அவள் வாய் திறந்து, "குறிப்புகள்" என்று ஒரு வார்த்தை சொல்லும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு பக்கம் படிக்கிற நேரம் வாயை மூடவும் முடியாமல் பேசவும் முடியாமல் நின்றுவிட்டு, "பக்கம் அறுபத்துநாலு" என்று முடிப்பாள். கோடு போட்ட வெற்றுப் பக்கம். கடவுள் கணக்காகத்தான் கொடுத்திருக்கிறார் என்று ஊர் சிரித்தது. "குறிப்பக்கா" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவளுக்கு இருந்த கவலை வேறு. அவர்களுடைய நிலம் ஒண்ணேகால் ஏக்கர், ஊருக்குக் கிழக்கே தாழ்வில் கிடந்தது. மூன்று வருஷமாக அதில் விதைத்தது திரும்பி வரவில்லை. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் சேற்றுக் குட்டையாக நிற்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து மேலே சோடா உப்புப் பூத்தது மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். களர். ரெங்கராசுவுக்கு மனசு விட்டுப்போய், மனை போடுகிற ஆளிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். சித்திரை பிறந்ததும் கல் ஊன்ற வருவார்கள். அந்த நிலத்தில்தான் தைலம்மை கல்யாணமாகி வந்த மறுவாரம் முதல் நாற்று நட்டாள். அது போய்விட்டால் அப்புறம் எதற்குக் காலையில் எழுந்திருப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.

தை முடிவதற்குள் ஞானப்பிரகாசத்திடம் போய் நின்றாள். "களர் நிலத்துக்கு எந்தப் பக்கம் சார்?"

"களர், உவர் நிலங்களைத் திருத்துதல். பக்கம் நாப்பத்தொண்ணு" என்றார் அவர். பிறகு, பொருளடக்கத்துக்கு வெளியே வந்து, "ஆனா அந்தப் பக்கம் யார்ட்ட இருக்குன்னு இதுவரைக்கும் தெரியலம்மா. கேட்டு யாரும் வரல. ஒரு ஆளுக்குத்தான் வந்திருக்கும்போல" என்றார்.

தைலம்மை வீடு வீடாக ஏறினாள். நாற்பது கிடைத்தது, நாற்பத்திரண்டு கிடைத்தது. நாற்பத்தொன்று மட்டும் கிடைக்கவில்லை. மாசி பிறந்ததும் பரங்கிக்கொடியில் ஓர் இலை பழுத்து விழுந்தது. அன்றைக்கே எலி பிடிக்கிற பக்கக்காரர் தன் பக்கத்தை மறந்துபோனார். மறுநாள் இரண்டு இலை, இரண்டு பக்கம். ஊர் அதையும் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டது. வந்தது போகத்தானே செய்யும், இருந்தவரைக்கும் லாபம் என்று சொல்லி, கொடிக்குத் தினமும் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தைலம்மை மட்டும் கும்பிட்டதோடு போகவில்லை. கொடியில் எத்தனை இலை மிச்சம் என்று தினமும் அண்ணாந்து எண்ணிவிட்டு வந்தாள்.

ஒருநாள் காலையில் அவள் கொல்லையில் சட்டி கழுவிக்கொண்டிருக்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது. "ஏ கோழி, ஊரு பூராச் சுத்துறாளுவளே, வேலிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாத்தா கால் ஒடிஞ்சா போயிரும்?"

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் பிச்சாயி. ரெங்கராசுவின் அண்ணன் பெண்டாட்டி, தைலம்மைக்கு ஓரகத்தி. இரண்டு பேரும் நேராகப் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. பேச்சு இல்லை என்றால் பேசாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொழுது விடிந்தால் பேச்சுதான், எல்லாம் சாடை. பிச்சாயி தன் கோழியைப் பார்த்துப் பேசுவாள், தைலம்மை தன் ஆட்டைப் பார்த்துப் பதில் சொல்வாள். அந்தக் கோழிக்கும் ஆட்டுக்கும் மட்டும் காது கேட்டு அறிவு வந்திருந்தால் இரண்டும் கோர்ட்டுக்குப் போயிருக்கும்.

சண்டைக்குக் காரணம் இன்னொரு கோழி, இந்தக் கோழியின் பாட்டியோ பூட்டியோ. அது தைலம்மையின் நாற்றங்காலைக் கிளறிப் போட்டது. தைலம்மை கல்லை எடுத்து வீசினாள், கோழிக்குக் கால் போனது. அந்த ஆத்திரத்தில் பிச்சாயி, தன் வயலோரமாக ஓடிக்கொண்டிருந்த வடிகாலை மண்ணைப் போட்டு மூடினாள். தைலம்மையின் தாழ்ந்த வயலில் நிற்கிற தண்ணீர் வடிந்து ஓடைக்குப் போக அந்த ஒரு வழிதான் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிச்சாயியின் புருஷன் செத்தபோதுகூட, தைலம்மை போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாளே ஒழிய, அவளைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 

கோழியிடம் பிச்சாயி சொன்னதைக் கேட்டதும் தைலம்மை கழுவின சட்டியையே மறுபடி கழுவினாள். நாற்பத்தொன்று இவளிடமா? கேட்கலாமா கூடாதா என்று அன்றைக்கு முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மறுநாள் வேலி ஓரமாக ஆட்டை இழுத்துக் கட்டி, "ஏ ஆடே, களர் நிலத்துக்கு என்ன செய்யணுமாம், தெரிஞ்சவுக யாராச்சும் சொன்னாத் தேவல" என்றாள்.

அந்தப் பக்கம் பிச்சாயி உடனே நிமிர்ந்து வாயைத் திறந்தாள். காத்துதான் வந்தது. மறுபடி திறந்தாள். கோழியைப் பார்த்துத் திறந்தாள், வானத்தைப் பார்த்துத் திறந்தாள். ஒரு எழுத்து வரவில்லை. இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள், நடுவிலே ஆடு. முகம் பார்த்துக் கேட்காத கேள்விக்குப் பக்கம் வராது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததுதானே. பிச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரெங்கராசுவை அனுப்பிப் பார்த்தாள் தைலம்மை. அவன் போய், "அண்ணி, களருக்கு என்னமோ இருக்காமே, சொல்லுங்க" என்று பவ்யமாகத்தான் கேட்டான். வரவில்லை. எப்படி வரும்? அவனுக்குத் தேவை மனைக்கல்தான். திரும்பி வந்து, "அது நீ கேட்டாத்தான் வரும்டி. எனக்கென்ன, சித்திரை வந்தாக் கல்லு வந்துரும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். வந்த ஆத்திரத்துக்கு அவள் அவனை நன்றாக நாலு கேட்டாள். கேட்டு முடித்ததும், அவன் சொன்னது சரிதான் என்று தெரிந்தது.

மாசி பாதி போய்விட்டது. அன்றைக்கு அண்ணாந்து பார்க்கும்போது கொடியில் ஒன்பது இலைதான் இருந்தது. தைலம்மை வீட்டுக்கு வரவில்லை.  நேராக நடந்து, தெருவைச் சுற்றி, தன் வாசலைத் தாண்டி, பதினோரு வருஷமாக மிதிக்காத பிச்சாயி வீட்டு வாசலில் ஏறினாள். பிச்சாயி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கோழி காலடியில் நின்றது. தைலம்மை கோழியைப் பார்க்கவில்லை.

"அக்கா" என்றாள். "அக்கா, என் நிலம் செத்துப்போச்சு. நான் என்ன செய்யணும், சொல்லு."

பிச்சாயியின் கையில் முறம் அப்படியே நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"களர் நிலத்தைத் திருத்துதல். முதலில் மண் பரிசோதனை செய்து, தேவையான ஜிப்சத்தின் அளவை அறிந்துகொள்ள வேண்டும். நிலத்தைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, ஜிப்சத்தைச் சீராகத் தூவி உழ வேண்டும். பிறகு நல்ல நீரைப் பாய்ச்சி இரண்டு நாள் தேக்கி வைக்க வேண்டும். தேங்கிய நீரை வடிகால் வழியாக" என்று வந்தவள் அங்கே நின்றாள். வாக்கியம் முடியவில்லை, பக்கமும் முடியவில்லை. "வடிகால் வழியாக" என்று மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை அச்சடித்த குரல் போய்விட்டது, அவளுடைய சொந்தக் குரல் வந்தது. "நான்தான்டி மூடுனேன். ஒரு கோழிக்காக மூடுனேன். ஒன் வயல் வெளுக்க வெளுக்கப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தொறக்கணும் தொறக்கணும்னு இருக்கும். எப்பிடி வந்து சொல்றது? கோழிட்டச் சொன்னேன், நூறு தடவ சொன்னேன்."

"நான்தானே கல்ல விட்டேன்" என்றாள் தைலம்மை. "மாமா போனப்ப ஒன்னக் கட்டிக்கிட்டு அழுவத்தான் வந்தேன் அக்கா. முடியல."

இரண்டு பேரும் அழுதார்கள். உளுந்து வாசலெல்லாம் சிந்தியது. கோழி அதைப் பொறுக்கித் தின்றது. அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு, விட்ட இடத்திலிருந்து பக்கம் தானாகத் தொடர்ந்தது. "வெளியேற்ற வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்த பின், தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். பொறுமை தேவை. பக்கம் நாற்பத்தொன்று."

அந்நேரம் நூலகத்துக் கூரையிலிருந்து ஓர் இலை விழுந்ததாக ஞானப்பிரகாசம் பிறகு சொன்னார். பிச்சாயி, "இப்ப நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள். சுத்தமாக மறந்துவிட்டது. தைலம்மைக்குப் பயம் பிடித்தது. ஐயோ, நானும் மறந்துவிட்டால்? மனசுக்குள் தேடினாள். "குறிப்புகள்" என்று தன் வாய் சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு வழக்கமான வெற்று அமைதி இல்லை. ஜிப்சம், இரண்டு நாள் தண்ணீர், தக்கைப்பூண்டு என்று ஒவ்வொன்றாகக் கோட்டின்மேல் எழுதின மாதிரி, தன் சொந்தப் பேச்சிலேயே, வரிசையாக வந்தது. நடுவே "வடிகால், அக்கா தொறந்து விடுவா" என்றும் வந்தது.

காலியாக இருந்த பக்கத்துக்குத்தான் வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியும் என்பது ஊருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கேலி செய்தவர்களெல்லாம் தைலம்மை வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். "குறிப்பக்கா, எம் பக்கம் போறதுக்குள்ள வாங்கி வச்சுக்க" என்று கெஞ்சினார்கள். அவள் விடுவாளா? ஒவ்வொருத்தருக்கும் இரண்டு ஏச்சுக் கொடுத்த பிறகுதான் கேட்டாள். எட்டு இலை மிச்சம், அவளுடையது போக ஏழு பக்கம் வந்தது. அத்தனையும் முழுசாகக் கொள்ளாமல் சுருக்கிச் சுருக்கி ஏற்றிக்கொண்டாள். செல்லத்துரையின் பன்னிரண்டாம் பக்கம் அவள் வாயில், "வரப்போர மண்ண எடுத்துக் குடுத்து ஏமாத்தாத, நடு வயல்ல தோண்டு" என்று ஆனது. சொந்தப் பேச்சாக மாறினதால், கடைசி இலை விழுந்த பிறகும் அதெல்லாம் அவளிடம் நின்றது. தொலைந்த பக்கங்களும் முழுக்கத் தொலையவில்லை. வீராச்சாமிக்குப் பக்கம் போய்விட்டாலும் ஊரில் பதினொரு வீட்டில் மண்புழுத் தொட்டி இருந்தது. யாரும் வைக்கோலைக் கொளுத்தவில்லை. ஏன் கொளுத்தக்கூடாது என்று சொன்ன பக்கம் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது, கைதான் மறக்கவில்லை.

மறுவாரமே பிச்சாயி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் வெட்டு வெட்டினாள். பதினோரு வருஷத்து மண்ணை இரண்டு பேரும் மூன்று நாளில் அள்ளி வடிகாலைத் திறந்தார்கள். மண்ணைப் பரிசோதித்து, சொன்ன அளவுக்கு ஜிப்சம் தூவி உழுதார்கள். பிச்சாயியின் நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து நீர் பாய்ச்சினார்கள். இரண்டு நாள் நிறுத்தித் திறந்துவிட்டபோது, கலங்கலாக, சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு அந்தக் களர் வடிகாலில் போனதை வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரெங்கராசுவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மடை மாற்ற அவனை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் மனைக்காரன் கல்லோடு வந்து இறங்கியபோது வயலில் முழங்கால் உயரத்துக்குத் தக்கைப்பூண்டு நின்றது. "என்னங்க, வாக்குக் குடுத்தீங்களே?" என்று கேட்டான் அவன். "குடுத்தேன். இப்ப என் பொண்டாட்டி இருக்கா, அவகிட்டப் பேசிக்க" என்றான் ரெங்கராசு. மனைக்காரன் தைலம்மையைப் பார்த்தான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கல்லை வண்டியில் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஒரே வருஷத்தில் பொன்னாக விளைந்தது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். பாதி வயல்தான் பிடித்தது, மீதி இடத்தில் வெளுப்பு இன்னும் இருந்தது. ஆனால் அந்தப் பாதியில் மண் காலடியில் பொலபொலவென்று உதிர்ந்தது. கிளறினால் மண்புழு நெளிந்தது. நெல் தலை சாய்ந்து நின்றது. தை பிறந்த அன்று அந்தப் புது நெல்லின் அரிசியில் பொங்கல் வைத்து, முதல் கரண்டியை நூலகத்து எருக்குழியில் போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள் தைலம்மை. கூரைக்குப் புது ஓடு போட்டிருந்தார்கள். உள்ளே புதிதாக வந்த கையேட்டுக் கட்டை ஞானப்பிரகாசம் பிரித்து வைத்திருந்தார், கிழிந்து போகும் அளவுக்கு ஊர் அதைப் புரட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணத்தில் பொங்கலை வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றாள். எத்தனையோ நாளாகச் சொல்ல நினைத்த ஒன்றை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும். ஓரகத்திகளுக்குள்ளே யார் நன்றி சொல்லிக்கொள்கிறார்கள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலிக்குக் கீழே நுழைந்து வந்த கோழியைக் குனிந்து பார்த்தாள்.

"ஏ கோழி, நீ போயி ஒங்க வீட்டு அக்காகிட்டச் சொல்லு. தைலம்மை உசுரோட இருக்குற வரைக்கும் மறக்க மாட்டாளாம்னு சொல்லு. அவ நல்லாருக்கணும்னு சொல்லு" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பிச்சாயியின் குரல் வந்தது.

"அது செவிட்டுக் கோழிடி. வாசப் பக்கமா வந்து எங்கிட்டச் சொல்லு."